குருதித் தூய்மையும் வாய்மையும்

தூய்மை என்னும் சொல்லுக்கு மனித உள்ளத்தில் தனி மதிப்பு உண்டு. வாழும் வீடு தூயதாக இருத்தல் வேண்டும்; உடல் தூயதாக இருத்தல் வேண்டும்; உள்ளமும் தூயதாக இருத்தல் வேண்டும் என்று சான்றோர் காலந்தோறும் வலியுறுத்தி வந்துள்ளனர். இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறான். அதுவே குருதியின் தூய்மை. நோயுற்றவனைப் பார்த்து, 'இரத்தம் கெட்டுவிட்டது' என்று சொல்லும் வழக்கம் இன்றும் மக்களிடையே உண்டு. கெட்டது எதுவோ அதனை வெளியேற்றிவிட்டால் நோய் தீரும் என்பது அவ்வழக்கினுள் பொதிந்திருக்கும் எண்ணம். எண்ணம் எளியது, ஆதலால் இனியது. ஆனால், எளிமையும் இனிமையும் உண்மைக்குச் சான்றாகிவிடுமா?

1799-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் முதல் அதிபராக விளங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயால் காலமானார். அவருடைய இறுதி நாளில் அவரது உடலிலிருந்து பலமுறை குருதி வடிக்கப்பட்டது. வடித்தவர்கள் பகைவர்கள் அல்லர். அவர்மீது பேரன்பு கொண்ட மருத்துவர்கள். கெட்ட குருதியை வெளியேற்றினால் நோயாளி பிழைப்பார் என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. அதனை ஐயுற்றவர் மிகச் சிலரே.

பின்னர், பாரிஸ் நகரத்து மருத்துவர் பியர் லூயி ஒரு புதிய வழியைக் கைக்கொண்டார். நுரையீரல் அழற்சி கண்ட நோயாளிகளுள் எவருக்கு எப்போது குருதி வடிக்கப்பட்டது, எவர் பிழைத்தார், எவர் இறந்தார் என்பதை அவர் வரிசைப்படுத்தி எண்ணினார். 1835-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அவரது ஆய்வு, குருதி வடித்தலால் விளையும் நன்மை, மருத்துவ உலகம் நம்பியிருந்ததைவிட மிக மிகக் குறைவு என்பதை எடுத்துக்காட்டியது. அவர் செய்ததெல்லாம் எண்ணிப் பார்த்ததுதான். தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குச் சிந்தித்தல், கணக்கிடுதல் என இரு பொருள் உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது பொருத்தமே. கணக்கிடாத சிந்தனை கனவாகிவிடும். சிந்தியாத கணக்கு வெற்று இலக்கமாகிவிடும்.

இப்பழங்கதையை இன்று நினைவுகூர வேண்டிய தேவை என்ன? குருதியைத் தூய்மை செய்யும் ஆவல் அற்றுப்போகவில்லை. அஃது இயந்திர வடிவம் கொண்டு இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குள் வந்திருக்கிறது. அதனோடு ஓர் அறவினாவும் வந்திருக்கிறது. ஒரு சிகிச்சை பயன் தருமா என்பது உறுதியாகத் தெரியாதபோது, உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அதனைச் செய்வது அருளா? செய்யாதிருப்பது கடமை தவறுதலா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திக் காண்க. ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாய் நினைவிழந்து கிடக்கிறார். நீரிழிவு நோயால் காலில் ஏற்பட்ட சிறு புண், கவனிப்பாரற்றுப் பெரிதாகி, கிருமிகள் உடலெங்கும் பரவிவிட்டன. குருதியழுத்தம் சரிந்துவிட்டது. செயற்கைச் சுவாசக் கருவி மூச்சை நடத்துகிறது. கதவருகே நிற்கும் மூத்த மகன் மருத்துவரை நெருங்கி, "டாக்டர், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று இருக்கிறதாமே! எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு அதைச் செய்துவிடுங்கள்" என்று கைகூப்பி வேண்டுகிறான். மருத்துவர் என்ன விடை கூறுவார்? அவர் விடை கூறுமுன் அந்நோயின் இயல்பையும் இயந்திரத்தின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அத்தாய்க்கு வந்திருப்பது 'செப்சிஸ்' எனப்படும் நிலை. அழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கிருமிகள் உடலுக்குள் புகுந்தால் அவற்றை எதிர்த்துப் போரிடுவது உடலின் இயற்கை. அப்போர் எல்லை கடந்து, ஒழுங்கு குலைந்து, உடல் தன் சொந்த உறுப்புகளையே சிதைக்கத் தொடங்குவதே செப்சிஸ். 2016-ஆம் ஆண்டு உலக மருத்துவ அறிஞர்கள் வகுத்த இலக்கணமும் இக்கருத்தையே கூறுகிறது. திருடனை விரட்டப் புகுந்த காவலர் வீட்டையே இடித்துவிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். இந்நிலை முற்றி, குருதியழுத்தம் வீழ்ந்து, உயிரணுக்களின் இயக்கம் தடுமாறும்போது அது செப்சிஸ் அதிர்ச்சியாகிறது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 48.9 மில்லியன் பேர் செப்சிஸுக்கு ஆளாயினர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 11 மில்லியன் பேர் இறந்தனர் என்றும் 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே, அம்மகனின் அச்சம் வீண் அச்சம் அன்று.

இனி, இயந்திரத்தின் கதை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்து நாட்டில், காம்பன் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் குருதியிலிருந்து கழிவை நீக்க அவர் ஒரு கருவியை உருவாக்கினார். இறைச்சிக் குழல்களுக்கு உறையாகப் பயன்படும் செலோஃபேன் தாளை உருளையில் சுற்றி, அதனை உப்புநீரில் சுழலவிட்டு, அதன் வழியே குருதியைச் செலுத்தினார். 1943-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சியில் முதற்கண் சிகிச்சை பெற்ற 16 பேருள் பெரும்பாலோர் இறந்தனர். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் அக்கருவியால் கண் விழித்தார். அவர் பகைவர்களோடு ஒத்துழைத்தார் என்னும் குற்றச்சாட்டில் சிறையிலிருந்தவர். கோல்ஃப் அதனைப் பொருட்படுத்தவில்லை. நோயாளியின் நோயைத்தான் மருத்துவன் பார்க்க வேண்டும் என்னும் அறத்திற்கு அச்செயல் சான்றாக நிற்கிறது. இன்று எண்ணற்ற சிறுநீரக நோயாளிகள் 'டயாலிசிஸ்' சிகிச்சையால் உயிர் வாழ்வது கோல்ஃப் போன்றோரின் விடாமுயற்சியால் விளைந்த பயனாகும்.

சிறுநீரகக் கழிவை நீக்க முடியுமாயின், செப்சிஸ் நோயாளியின் குருதியில் மிதக்கும் நச்சுகளையும் நீக்க முடியாதா? இவ்வெண்ணம் அடுத்து எழுந்தது. சிலவகைக் கிருமிகளின் மேலுறையில் 'எண்டோடாக்சின்' என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அது குருதியில் கலந்தால் உடலின் எதிர்ப்பு வெறிகொண்டு எழும். பாலிமிக்சின் என்னும் மருந்து அந்நச்சைப் பற்றிப் பிடிக்கவல்லது. ஆனால், அதனை நேரே நரம்பில் செலுத்தினால் சிறுநீரகத்திற்குத் தீங்கு நேரக்கூடும். ஆதலின், ஜப்பானிய அறிஞர்கள் அம்மருந்தைச் செயற்கை இழைகளில் ஒட்டவைத்து ஒரு குழலுக்குள் அடைத்தனர். நோயாளியின் குருதி வெளியே வந்து, அக்குழலினூடே பாய்ந்து, நச்சை அங்கேயே விட்டுவிட்டு மீண்டும் உடலுக்குள் செல்லும். ஒருமுறைக்கு இரண்டு மணி நேரம். 1994-ஆம் ஆண்டு ஜப்பானின் அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் இச்சிகிச்சை இடம்பெற்றது. உடல் தானே சுரக்கும் 'சைட்டோகைன்' என்னும் அழற்சிப் பொருள்களை உறிஞ்சும் வேறு வடிகட்டிகளும் பின்னர்த் தோன்றின.

அறிவுக்கு ஒத்த கருத்து. திறமை வாய்ந்த கருவி. உயிரைக் காக்கும் நோக்கம். இவை மூன்றும் கூடியிருக்கையில் தயக்கம் எதற்கு?

தயக்கத்தின் காரணத்தை அறியக் கோல்ஃபின் மூதாட்டியையும் அம்மகனின் தாயையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மூதாட்டியின் சிறுநீரகம் நின்றுவிட்டது. கழிவு தேங்கியது, நினைவு போயிற்று. கழிவை நீக்கினர், நினைவு மீண்டது. நோய், காரணம், மாற்று ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. கழிவின் அளவு குறைவதை அளந்து அறியவும் முடிந்தது. செப்சிஸ் அதிர்ச்சியின் நிலையோ வேறு. அதில் கேடு செய்யும் பொருள் ஒன்றன்று, பல. அவற்றுள் சில ஒரு வேளை கேடு செய்கின்றன. மற்றொரு வேளை கிருமிகளை எதிர்க்கத் துணைநிற்கின்றன. கெட்டது இது, நல்லது இது என்று பிரித்தறியும் அறிவு வடிகட்டிக்கு இல்லை. சில வேளைகளில் நோயாளிக்குத் தரப்படும் கிருமிக்கொல்லி மருந்துகளையும் அஃது உறிஞ்சிவிடுகிறது.

அதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. செப்சிஸ் அதிர்ச்சிக்கு ஆளானோருள் பலர் முறையான பொதுச் சிகிச்சையாலேயே பிழைத்துவிடுகின்றனர். பலர் எது செய்தும் இறந்துவிடுகின்றனர். இந்நிலையில், இயந்திரத்தைப் பொருத்தியபின் ஒருவர் பிழைத்தால், அவரைப் பிழைக்க வைத்தது இயந்திரமா, பொதுச் சிகிச்சையா, அவருடைய உடல் வலிமையா என்பதைக் கண்ணால் கண்டு கூற முடியாது. பிழைத்தவரைக் காணும் மருத்துவர், 'இயந்திரம் காத்தது' என்று மகிழ்வார். இறந்தவரைக் காணும்போது, 'காலங்கடந்து வந்தார்' என்று ஆறுதல் கொள்வார். இவ்வாறு வெற்றியெல்லாம் இயந்திரத்தின் கணக்கிலும் தோல்வியெல்லாம் நோயின் கணக்கிலும் எழுதப்படும். குருதி வடித்த பழைய மருத்துவரும் இவ்வாறே கணக்கெழுதினார். அவர் பொய்யர் அல்லர். ஆனால், உண்மையைக் காணும் வழி அவருக்கு அமையவில்லை.

அவ்வழி இன்று அமைந்திருக்கிறது. ஒரே வகை நோயாளிகளை இரு பிரிவாக்கி, யார் எப்பிரிவில் சேர்வது என்பதைக் குலுக்கல்போல் தற்செயலுக்கு விட்டு, ஒரு பிரிவினருக்குப் புதிய சிகிச்சையோடு பொதுச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்குப் பொதுச் சிகிச்சை மட்டும் அளித்து, இறுதியில் எண்ணிப் பார்ப்பதே அவ்வழி. இத்தாலி நாட்டில் 64 நோயாளிகளிடம் இவ்வாறு பாலிமிக்சின் வடிகட்டி சோதிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. வடிகட்டி பெற்றோருள் 28 நாளில் இறந்தோர் 32 விழுக்காடு. பெறாதோருள் 53 விழுக்காடு. இடையிலேயே இவ்வேறுபாட்டைக் கண்டதும் ஆய்வு நிறுத்தப்பட்டது. பயன் உள்ளது எனத் தோன்றும் சிகிச்சையை ஒரு பிரிவினருக்கு மறுப்பது அறமாகாது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். அம்முடிவில் கருணை இருந்தது. அதனை யாரும் குறை கூற இயலாது.

ஆயினும், 64 பேர் என்பது சிறிய தொகை. சிறிய தொகையில் தற்செயலும் உண்மைபோல் வேடம் புனையும். பிரான்ஸ் நாட்டில் இருநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடைபெற்று 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் வடிகட்டி பெற்றோருள் 27.7 விழுக்காட்டினர் இறந்தனர், பெறாதோருள் 19.5 விழுக்காட்டினர் இறந்தனர். அவ்வேறுபாடும் தற்செயலாக இருக்கக்கூடியதே. ஆனால், நன்மை எதுவும் புலப்படவில்லை. வட அமெரிக்காவில் 55 மருத்துவமனைகளில் 450 நோயாளிகளிடம் நடைபெற்ற பெரிய ஆய்வின் முடிவு 2018-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதில் ஒரு பிரிவினருக்கு உண்மையான வடிகட்டலும், மற்றொரு பிரிவினருக்கு வடிகட்டுவதுபோன்ற தோற்றமும் மட்டும் அளிக்கப்பட்டன. 28 நாளில் இறந்தோர் முதற்பிரிவில் 37.7 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 34.5 விழுக்காடு. நன்மை மெய்ப்பிக்கப்படவில்லை.

இந்த எண்களின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குக. இயந்திரத்தைப் பெறாமலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர் பிழைத்தனர். இயந்திரத்தைப் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் பிழைத்தனர். தம் நோயாளிகள் அனைவருக்கும் இயந்திரத்தைப் பொருத்தும் மருத்துவர் ஒருவர், நூற்றில் 62 பேர் பிழைப்பதைக் கண்ணாரக் காண்பார். அவர்களின் குடும்பத்தினர் கண்ணீர் மல்க நன்றி கூறுவர். அவ்வியந்திரத்தின் ஆற்றலை அவர் உயிர் உள்ளளவும் நம்புவார். அவருடைய நம்பிக்கை நேர்மையானது. ஆனால், உண்மையானது அன்று. நேர்மையும் உண்மையும் ஒன்றல்ல என்பதை உணர்த்த இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். "பயன் மெய்ப்பிக்கப்படாமற் போகட்டும். சாகும் நிலையில் இருப்பவருக்கு இழக்க என்ன இருக்கிறது? செய்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று மக்கள் கேட்பர். அம்மகனின் வேண்டுகோளுக்குள்ளும் இக்கேள்விதான் ஒளிந்திருக்கிறது. இதற்கு ஜெர்மனியில் நடைபெற்று 2021-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. கோவிட் நோயால் நுரையீரல் செயலிழந்து, செயற்கை நுரையீரல் இயந்திரத்தில் வைக்கப்பட்ட 34 நோயாளிகள் அதில் பங்கு பெற்றனர். சைட்டோகைன் உறிஞ்சும் வடிகட்டியைப் பெற்ற 17 பேருள் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர் மூவர். அதனைப் பெறாத 17 பேருள் உயிரோடு இருந்தவர் 13 பேர். நோய் வேறு, வடிகட்டி வேறு, தொகையும் சிறிது. ஆகவே, இதனைக் கொண்டு எல்லா வடிகட்டிகளும் கொல்லும் என்று முடிவு கட்டலாகாது. சிறிய ஆய்வு நன்மை காட்டும்போது ஐயுறுபவர், அது தீமை காட்டும்போதும் ஐயுறுதல் வேண்டும். ஆயினும், 'இழக்க ஒன்றும் இல்லை' என்னும் சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர அது போதும். உயிரோடிருக்கும் ஒருவருக்கு இழக்க உயிர் இருக்கிறது. பிழைக்கும் வாய்ப்பு நூற்றில் பத்தே எனினும் அந்தப் பத்தும் அவருடைய உடைமை. அதனைப் பணயம் வைக்க எவருக்கும் தனி உரிமை கிடையாது.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. "மனித உயிரைக் குலுக்கலுக்கு விடுவதா? சோதனைக்காக ஒருவருக்குச் சிகிச்சையை மறுப்பது, அவரைப் பிறர் நலனுக்குக் கருவியாக்குவது ஆகாதா?" ஜெர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ட், எந்த மனிதனையும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்றும், ஒவ்வொரு மனிதனும் தன்னளவில் நோக்கமாக மதிக்கத்தக்கவன் என்றும் அறிவுறுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது சிறைமுகாம்களில் மருத்துவர் சிலர் மனிதர்களை விலங்குகளினும் கீழாகச் சோதனைக்கு ஆட்படுத்திய கொடுமையை உலகம் மறக்கவில்லை. 1947-ஆம் ஆண்டு நியூரம்பர்க்கில் வகுக்கப்பட்ட நெறிகளும், 1964-ஆம் ஆண்டு ஹெல்சின்கியில் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் அக்கொடுமை மீண்டும் நிகழாதிருக்க எழுப்பப்பட்ட வேலிகளாகும். ஆகவே, இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடுதல் தகாது.

இதற்கு விடை ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல் 'அறியாமை'. நன்மை உறுதி என்று அறிந்த ஒரு சிகிச்சையைக் குலுக்கலுக்கு விடுவது பாவம். தீமை உறுதி என்று அறிந்ததைச் செய்வதும் பாவம். ஆனால், நன்மையா தீமையா என்று உண்மையாகவே தெரியாதபோது, எந்தப் பிரிவில் இருப்பது நல்லது என்பது எவருக்கும் தெரியாது. பிரான்ஸ் நாட்டு ஆய்வில் வடிகட்டி கிடைக்காதவர்களை அன்று பலரும் இரக்கத்தோடு நோக்கியிருக்கக்கூடும். ஆனால், முடிவில் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. அறியாமை உண்மையானதாகவும், நோயாளியோ அவருக்காகப் பேசும் உறவினரோ எல்லாவற்றையும் அறிந்து இசைந்ததாகவும், நோயாளியின் நலன் ஆய்வின் நலனுக்கு மேலாக வைக்கப்பட்டதாகவும் இருக்குமாயின், அவ்வாய்வில் சேர்ந்தவர் கருவியாகிவிடுவதில்லை. பின்வருவோருக்கு உண்மையை ஈட்டித் தரும் கொடையாளராகிறார்.

மாறாக, ஆய்வும் இன்றி, கணக்கும் இன்றி, இசைவும் முறையாகப் பெறாமல், ஒவ்வொரு நோயாளிக்கும் அவ்வியந்திரத்தைப் பொருத்திக்கொண்டே செல்வதும் ஒரு சோதனைதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அச்சோதனையிலிருந்து எவரும் எதனையும் கற்றுக்கொள்வதில்லை. துன்பம் நோயாளிக்கு, செலவு குடும்பத்திற்கு, அறிவு ஒருவருக்கும் இல்லை. பரிவின் பெயரால் நிகழும் இவ்வீண் செயலுக்கு அறநூல்கள் எந்தப் பெயரிடும்?

அப்படியானால், மெய்ப்பிக்கப்படாத எதையும் ஒருபோதும் செய்யலாகாதா? அவ்வாறாயின் கோல்ஃபின் 17-ஆம் நோயாளி பிழைத்திருக்க மாட்டாரே! நியாயமான கேள்வி. இதற்கும் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி அறிக்கை, பின்னாளில் திருத்தப்பட்ட வடிவங்களில், ஒரு நடுவழியைக் காட்டியுள்ளது. மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சை இல்லாதபோதோ பயன் தராதபோதோ, மருத்துவர் துறையறிஞரைக் கலந்து, நோயாளியின் இசைவைப் பெற்று, புதியதொன்றை முயலலாம். ஆனால், அம்முயற்சியைப் பின்னர் ஆய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும் என்பதே அவ்வழி. முயற்சிக்குத் தடையில்லை, மறைப்புக்கே தடை. பாலிமிக்சின் வடிகட்டியின் கதையும் முடிந்துவிடவில்லை. 2018-ஆம் ஆண்டு ஆய்வின் கணக்குகளை மீண்டும் நோக்கிய அறிஞர் சிலர், நச்சின் அளவு ஒரு குறிப்பிட்ட வரம்பில் இருப்போருக்கு நன்மை இருக்கக்கூடும் என்று கருதினர். அக்கருத்தை உடனே உண்மையென்று பறைசாற்றாமல், அதற்கெனத் தனி ஆய்வு ஒன்றைத் தொடங்கினர். தாம் விரும்பும் முடிவையே மீண்டும் சோதனைக்கு உட்படுத்தும் அத்துணிவு போற்றத்தக்கது. அனைத்துலகச் செப்சிஸ் வழிகாட்டி நெறிகளோ, 2021-ஆம் ஆண்டு நிலவிய சான்றுகளை ஆராய்ந்து, பாலிமிக்சின் வடிகட்டலைப் பயன்படுத்த வேண்டாம் என்னும் பரிந்துரையை வழங்கின. ஏனைய வடிகட்டல் முறைகளைப் பற்றிப் பரிந்துரை செய்யப் போதிய சான்று இல்லை என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டன.

அவ்வழிகாட்டி நெறிகள் வற்புறுத்துபவை எவை? அதிர்ச்சி நிலை கண்ட ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து. உடலுக்கு வேண்டிய நீர்மம். குருதியழுத்தத்தை உயர்த்தும் மருந்து. சீழ் கட்டிய இடத்தைக் கண்டுபிடித்து அகற்றுதல். இவற்றுள் ஒன்றேனும் வியப்பூட்டுவதன்று. ஒரு தாதி விழிப்போடு இருந்து நோயாளியின் மாற்றத்தை உரிய வேளையில் கண்டு சொல்வதும், ஒரு மருத்துவர் காலந்தாழ்த்தாது மருந்தைத் தொடங்குவதும் காக்கும் உயிர்கள் பல. 1847-ஆம் ஆண்டு வியன்னா நகர மகப்பேற்று மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், மருத்துவர்கள் கைகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவ வேண்டும் என்று விதித்தார். அதற்குமுன் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மாரின் இறப்பு, கைகழுவத் தொடங்கிய சின்னாட்களிலேயே நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. அவரும் எண்ணித்தான் பார்த்தார். குருதியைக் கழுவும் இயந்திரம் செய்ய முடியாததைக் கையைக் கழுவும் நீர் செய்தது. எனினும், அன்றைய பேரறிஞர் பலர் அவரை ஏற்கவில்லை. எளிய உண்மைக்கு இவ்வுலகில் மதிப்புக் குறைவு. பளபளக்கும் பொய்க்கு மதிப்பு மிகுதி.

இனி, மீண்டும் அந்த மகனிடம் செல்வோருக்கு மருத்துவரின் விடை தெளிவாகக் கேட்கும். "தம்பி, உங்கள் அம்மாவுக்குச் செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்துகொண்டிருக்கிறோம். காலில் உள்ள அழுகிய பகுதியை அகற்றிவிட்டோம். மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும். சிறுநீரகம் நின்றுபோனால் அதற்கு இயந்திரம் வைப்போம். அது பயன் தெரிந்த சிகிச்சை. நீங்கள் கேட்கும் இயந்திரம் வேறு. அது நன்மை செய்யும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தீமை செய்யாது என்றும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்." இவ்வாறு கூற அன்பு வேண்டும், அன்பினும் மேலாகத் துணிவு வேண்டும். இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது இதனினும் எளிது. அது மகனின் கண்ணீரைத் துடைக்கும். மருத்துவரின் குற்றவுணர்வையும் போக்கும். ஆனால், கட்டிலில் கிடப்பவர் மகனும் அல்லர், மருத்துவரும் அல்லர். சிகிச்சை யாருக்காக என்னும் வினாவை மறந்துவிட்டால் பரிவும் தன்னலமாகிவிடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, துணையிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நாற்கூறாகக் கண்டார். இந்நால்வகையையும் ஒன்றாகப் பிணைக்கும் கயிறு நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு வேர் வாய்மை. உடலின் தூய்மைக்கு நீரை வைத்த அப்புலவரே உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மையை வைத்தார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். குருதியைத் தூய்மை செய்ய வல்ல இயந்திரம் நாளை வரலாம். வருதல் வேண்டும் என்றே உலகம் விரும்புகிறது. வந்தது உண்மையான மருந்தா, வெறும் ஆறுதலா என்பதை அறிந்து சொல்ல, வாய்மையால் தூய்மை பெற்ற உள்ளம் அப்போதும் தேவைப்படும்.

இவ்வறம் மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் மாணவன் ஒருவன் எழுந்து கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, எதையேனும் சொல்லிச் சமாளிக்கும் ஆசிரியரும் உண்டு. "தெரியவில்லை, தேடிப் பார்த்து நாளை சொல்கிறேன்" என்னும் ஆசிரியரும் உண்டு. முன்னவரிடம் மாணவன் ஒரு விடையைப் பெறுகிறான். பின்னவரிடம் அவன் அறிவின் வழியையே பெறுகிறான். அவ்வழியில் நடந்த மாணவன் ஒருநாள் மருத்துவனாகி, ஒரு தாயின் கட்டிலருகே நிற்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆற்றல் அவனிடம் இருக்கும். தெரிந்ததைக் காலந்தாழ்த்தாது செய்யும் ஆற்றலும் இருக்கும்.